நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்து மெக்கானிக் கடை: பிரேக் பேடு மாற்றிய அனுபவம்

குறுவை அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ நெல் சிப்பம் ஏற்றிப் போகிற பிக்கப் என்னுடையது. பிரேக் மிதித்தால் முன்சக்கரத்தில் கிறீச்சென்று சத்தம். மன்னார்குடியில் ஒருவர் வண்டியை ஜாக்கியில்கூட ஏற்றாமல், "டிஸ்க்கும் சேர்த்து மாத்தணும்" என்றார். சரி, வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

இந்தக் கடை அண்ணன் முதலில் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். இடதுபக்கம் உள்பேடு தகடு தெரியத் தேய்ந்திருந்தது, வெளிப்பேடு பாதி மிச்சம். "வயல் சேறு தம்பி, காலிப்பர் பின் இறுகிப்போச்சு" என்றார். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க்கில் பேடை அழுத்துகிற பாகம்தான் காலிப்பர்; அது வழுக்கி நகர்வது இந்தப் பின்னின் மேல். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் தடவி, விரலால் தள்ளினால் வழுக்கும்வரை விடவில்லை. டிஸ்க்கை அளந்து பார்த்து, போதும் என்றுவிட்டார். பிஸ்டனை உள்ளே அழுத்துமுன் பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து, ததும்புகிறதா என்று பார்த்துக்கொண்டார். பேடு இரண்டு பக்கமும் புதுசு.

கூலி 500 ரூபாய். சாவியைத் தருமுன் பெடலை அவரே நாலைந்து முறை மிதித்து இறுக்கினார். முதல் 200 கிலோமீட்டர் திடீர் பிரேக் போடாதே என்றார்.

ஒரே குறை, உட்கார நிழல் இல்லை. கேட் போட்டுவிட்டால் டீக்குக்கூட அந்தப் பக்கம் போக முடியாது.