பெயின்ட் அடித்த கையோடு செராமிக் கோட்டிங்: நெல்லைக் கார்க்காரர்கள் கவனிக்கவும்

பட்டறையில் பெயின்ட் அடித்த கையோடு வாக்ஸ், டெஃப்லான், செராமிக் என்று பெயின்டுக்கு மேல் ஏதாவது பாதுகாப்புப் பூச்சைப் பூசித் தருவதாகச் சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வண்ணார்பேட்டையில் ஒரு லோடு ஆட்டோ உரசியதில் என் காரின் இடப்பக்கக் கதவுகள் இரண்டும் நசுங்கின. டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் முடித்தார்கள். நிறம் அச்சாகப் பொருந்தியது, அதை மறைக்கமாட்டேன். வண்டியை எடுக்கப் போனபோதுதான், "அண்ணாச்சி, நம்ம ஊர் வெயிலுக்குப் புதுப் பெயின்ட் தாங்காது. செராமிக் போட்டால்தான் நிற்கும்" என்று ஆரம்பித்தார் பட்டறைக்காரர். அன்றே பூசி, அதற்குத் தனியாக எட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாள் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. பிறகு பால் படர்ந்தாற்போல் மங்கியது. சாய்ந்து நின்று பார்த்தால் கைப்பிடிக்குக் கீழே பொடிப்பொடியாக ஊசித்துளைகள். வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பினால் கதவருகே தின்னர் வாடை. கேட்டதற்கு, "உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு" என்றார். அதே தண்ணீரில்தான் வலப்பக்கமும் கழுவுகிறேன். கம்பெனிப் பெயின்ட் உள்ள அந்தக் கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை!

விஷயம் இதுதான். மேல்தோல் காய்ந்துவிட்டாலும் கிளியர் கோட்டுக்குள் (நிறத்துக்கு மேலே கடைசியாக அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) இருக்கும் தின்னர் வாரக்கணக்கில் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். அதற்குள் மேலே கோட்டிங் பூசினால் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பெயின்ட் இறுகாது, மங்கும். ஊசித்துளைக்குக் காரணம் வேறு: ஒரு கோட் ஆறுவதற்குள் அடுத்ததை அடித்த அவசரம். பட்டறைப் பெயின்டுக்கு 30 நாளாவது, சிலவற்றுக்கு 60 முதல் 90 நாள் வரை பொறுத்து வாக்ஸ் போடுவதே வழக்கம். சரியான கணக்கு அந்தந்தப் பெயின்ட் கம்பெனியின் குறிப்பில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ஷோரூம் புது வண்டிக்கு உடனே போடுகிறார்களே என்பார்கள். அது தொழிற்சாலையில் ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டெடுத்த பெயின்ட். பட்டறை பூத்தில் (பெயின்டைச் சூட்டில் காயவைக்கும் மூடிய அறை) 60 டிகிரியில் அரைமணி நேரம் வைத்தாலும் அதற்கு ஈடாகாது.

பூத் என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. பில்லில் "ஹீட் பூத் கட்டணம்" என்று ஒரு வரி இருக்கிறது. நான் பார்த்தவரை அங்கே இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இரண்டு பக்கம் தொங்கிய தார்ப்பாயும்தான்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் நிழலில் வைத்து வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், பிரஷ் சுழலும் வாட்டர் வாஷ் வேண்டாம், கவர் போட்டு மூடாதீர்கள். வேப்ப மரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சத்தை அன்றன்றே கழுவிவிடுங்கள்.

இப்போது "இன்னொரு தடவை பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மனுவில் முதலில் எழுதியிருப்பது அந்த ஹீட் பூத் வரியைத்தான்; கோட்டிங் அதற்கு அடுத்ததுதான்.