3.5 அடி யுடிலிட்டி: எந்த மெஷின், எந்த அலமாரி?

அடுக்ககங்களின் வரைபடத்தில் சமையலறைக்குப் பின்னால் யுடிலிட்டி என்ற பெயரில் ஒரு சின்னச் செவ்வகம் இருக்கும். அதன் மூலையில் ஒரு சதுரம் போட்டு, அதுதான் வாஷிங் மெஷின் என்று குறித்திருப்பார்கள். அந்தச் சதுரத்துக்குக் கதவு இல்லை, மூடி இல்லை, பின்பக்கக் குழாய் இல்லை. முன்னால் குனிந்து துணி எடுக்கும் ஆளும் இல்லை. குடிபோன பிறகுதான் இவை ஒவ்வொன்றாக வந்து இடம் கேட்கும்.

சென்னையில் எங்கள் வீட்டு யுடிலிட்டியின் அகலம் 3.5 அடி, நீளம் 6 அடி. குறுகிய பக்கம் ஒன்றில் சமையலறைக் கதவு, அதற்கு நேர் எதிரே முழுச் சுவர். நீளமான பக்கம் ஒன்றில் இடுப்புக்கு மேல் கிரில், மற்றது வெறும் சுவர். இதற்குள் மெஷின், அழுக்குத் துணிக்கூடை, சோப்புத்தூள், வாளி, மாப், துடைப்பம், இஸ்திரி மேசை, பழைய பேப்பர் கட்டு எல்லாம் அடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்துணியும் சேர்ந்துகொள்ளும். முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் மேலே மூடி திறக்கும் டாப் லோடு வைத்திருந்தோம். இங்கே வைத்திருப்பது முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு. அத்தை வீட்டில் இன்றுவரை, துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக்தான். மூன்றோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கடையில் நின்று பார்க்கும்போது டாப் லோடுதான் சிறியதாகத் தெரியும். அகலம் ஏறத்தாழ 55 செ.மீ.; ஃப்ரண்ட் லோடு 60 செ.மீ. என்னையும் இந்த 5 செ.மீ.தான் ஏமாற்றியது. டாப் லோடின் உடல் உயரம் 1 மீட்டரை ஒட்டி நிற்கும். மூடியைத் திறந்தால் அது நாலரை அடிவரை எழும்பும். ஆகவே முதல் அலமாரித் தட்டை அதற்கு மேலேதான் அடிக்க முடியும். ஃப்ரண்ட் லோடு 85 செ.மீ. உயரத்தோடு நின்றுவிடுவதால், 3 அடியிலேயே முதல் தட்டைப் போடலாம். நடுவில் இருக்கும் அந்த ஒன்றரை அடிச் சுவரைத்தான் பணம் கொடுத்தும் வாங்க முடியாது. இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட, எட்டாமலும் குனியாமலும் கை போகிற உயரம் அது. சோப்புத்தூள், நீலம், கிளிப் டப்பா என்று தினமும் தொடுகிற பொருளெல்லாம் அங்கேதான் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் அவை தலைக்கு மேல் இருந்தன. சோப்புத்தூள் ஒருமுறை என் தலையிலேயே கொட்டிய பிறகு டப்பாவை மெஷின் மூடிமேல் வைக்கத் தொடங்கினோம். அப்புறம் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் மூடிமேல் இருப்பதையெல்லாம் இறக்கிவைக்கும் வேலை வந்து சேர்ந்தது.

டாப் லோடு மேலே இருக்கும் இடத்தை விழுங்குகிறது என்றால், ஃப்ரண்ட் லோடு முன்னால் இருக்கும் தரையை விழுங்குகிறது. அது தோற்கிற இடம் இதுதான். மெஷினின் ஆழம் 60 செ.மீ., பின்னால் குழாய்களுக்கு ஒரு 10 செ.மீ. ஆக 70. நீளச் சுவரை ஒட்டி வைத்தால் எங்கள் 107 செ.மீ. அகலத்தில் மிச்சம் ஒன்றேகால் அடிதான். கதவைத் திறந்தால் அதுவும் தீர்ந்தது. ஆள் நிற்கவே இடமில்லை. எனவே ஃப்ரண்ட் லோடு என்றால் கடைசிச் சுவரில், சமையலறைக் கதவைப் பார்த்தபடி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி வைத்தால் முன்னால் மூன்றே முக்கால் அடித் தரை கிடைக்கும், பக்கத்தில் ஒன்றரை அடி இடைவெளியும் மிஞ்சும். துவைத்து முடித்ததும் கதவை ஒருக்களித்துத் திறந்தே வைக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டால் ரப்பர் வளையத்தில் பூஞ்சை பிடித்து, துவைத்த துணியே முடைநாற்றம் வீசும்.

செமி ஆட்டோமேட்டிக்கை யாரும் நகரத்து வீட்டுக்குப் பரிந்துரைப்பதில்லை. இடக் கணக்கில் பார்த்தால் அது அநியாயம். இரண்டு தொட்டி இருப்பதால் அகலம் 80 செ.மீ. ஆகிறது, ஆனால் ஆழம் 50 செ.மீ. அளவில்தான். நீளச் சுவரில் ஒட்டி வைத்தாலும் நடக்க ஒன்றே முக்கால் அடி கிடைக்கும். 3 அடி அகலமே உள்ள பழைய வீட்டு வராந்தாவில் ஒழுங்காக நிற்பது இது ஒன்றுதான். எடையும் குறைவு, வேலை முடிந்ததும் தள்ளி வைக்கலாம். வெள்ளைத் துணி துவைத்த அதே நீரில் அடுத்து கால்மிதியடியைப் போடலாம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு வீடுகள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தபோது, அத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே எங்களைப் பார்த்துச் சிரித்தார். ஈரத்துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்பதுதான் அதன் விலை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது.

அளவு நாடாவை எடுப்பதற்கு முன் குழாயைப் பாருங்கள். சில ஃப்ரண்ட் லோடு மாடல்களின் கையேட்டில் குறைந்தபட்ச நீரழுத்தம் 0.3 பார் என்று போட்டிருக்கும். தொட்டித் தண்ணீர் குழாய்க்கு மேல் ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். கடைசி மாடியில் குடியிருந்து, மொட்டை மாடித் தரையிலேயே பிளாஸ்டிக் தொட்டியை உட்கார வைத்திருந்தால் அந்த உயரம் கிடைப்பது கஷ்டம். இயந்திரம் நீருக்காகக் காத்திருந்து, பிழைக் குறியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். குறைந்த அழுத்தத்தில் ஓடும் டாப் லோடு அங்கே தேவலை.

கழிவுநீர் விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். பம்ப் இல்லாத டாப் லோடுகளில் நீர் தானாக வடிய வேண்டும் என்பதால், குழாய் தரையோடு படுத்திருக்க வேண்டும். தூக்கிக் கட்டினால் வடியாது. ஃப்ரண்ட் லோடில் பம்ப் நீரை மேலே தள்ளும் என்பதால், குழாயின் முனையை இரண்டடிக்கு மேல் உயர்த்தி மாட்ட வேண்டும். இது தெரியாமல், முன்பிருந்த பழக்கத்தில் எங்கள் வீட்டில் குழாயைத் தரைத் துளைக்குள்ளேயே செருகிவிட்டார்கள். மெஷின் ஒரு பக்கம் நீரை நிரப்ப, மறு பக்கம் அது தானாக உறிஞ்சிக்கொண்டு வெளியேற, இரண்டு மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது. துணி நனைந்ததே தவிர துவையவில்லை. பழுதுபார்க்க வந்தவர் ஒரு கொக்கியை மாட்டி, அதே நிமிடத்தில் சரிசெய்துவிட்டுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். இதில் ஓர் ஆதாயமும் உண்டு. குழாய் சுவரோடு ஏறிவிடுவதால் தரையில் கால் இடறுவதில்லை, கூட்டித் துடைப்பதும் எளிது.

மெஷினைக் குளியலறையில் வைத்துவிட்டு யுடிலிட்டியைப் பொருள் வைக்க மட்டும் விடலாமே என்று சிலர் கேட்பார்கள். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் 16 ஆம்பியர் பிளக்கும், சதா ஈரத்தில் துருப்பிடிக்கும் தகடும் எனக்குச் சம்மதமில்லை. சமையல் மேடைக்கு அடியில் நுழைக்கும் யோசனை பெரும்பாலும் 3, 4 செ.மீ. குறைவினால் தோற்றுப்போகும், மேடை போடும்போதே 90 செ.மீ. இடைவெளி விட்டுக் கட்டியிருந்தால்தான் உண்டு.

டிரையரை மெஷின்மேல் ஏற்றி அடுக்குவது பார்க்க அழகுதான். கீழே ஃப்ரண்ட் லோடாக இருந்தால்தான் அது நடக்கும். அடுக்கினால் 170 செ.மீ. உயரம் வந்துவிடும், நான் மேலே புகழ்ந்த அந்தச் சுவர் மொத்தமும் போய்விடும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் நானும் வாங்குவேன். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டுமே துணி காயாத சென்னைக்கு அது ஆடம்பரம். துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே மெஷினில் என்று விற்பதை வாங்கினால், 8 கிலோ துவைத்துவிட்டு அதில் 5 கிலோவை மட்டுமே உலர்த்த முடியும் என்ற நுணுக்கத்தைப் பெட்டியில் படித்துவிட்டு வாங்குங்கள்.

உலர்த்த எங்களுக்குக் கைகொடுப்பது கப்பியும் கயிறுமாக ஏற்றி இறக்கும் கூரைக் கொடி. தரையில் விரிக்கும் ஸ்டாண்டு இந்த அகலத்தில் வழியை அடைத்துக்கொள்ளும். சுவரில் மடங்கும் கொடியில் சட்டை, பனியன் காயும், சேலை காயாது. 5.5 மீட்டர் சேலையை நான்காக மடித்தால் 1.4 மீட்டருக்குள் வரும். 5 அடிக் கம்பியில் கச்சிதமாக விழும். 8 முழ வேட்டியை மூன்றாக மடித்தால் போதும். எங்கள் 6 அடி நீளத்தில் கடைசிச் சுவர் அலமாரிக்கு 1 அடி போக, கம்பிக்குச் சரியாக 5 அடி கிடைத்தது. திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது தற்செயல்.

அலமாரிக்குக் கதவு வேண்டுமா என்று வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம். மூடிய அலமாரி விருந்தாளி கண்ணுக்கு அழகு, கரப்பான் பூச்சிக்குச் சொர்க்கம். கிரில் வழியாகச் சாரல் அடிக்கும் இடத்தில் மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் இரண்டே மழைக்காலத்தில் ஊதிப் பிளந்துவிடும். நான் கேட்டது பழைய கடப்பா கல் தட்டு: நனைந்தாலும் கவலையில்லை, கதவும் வேண்டாம், தலைமுறைக்கு நிற்கும். அதற்குச் சுவரை வெட்டிச் செருக வேண்டும். செங்கல் சுவரில் அது முடியும். முழுக்க கான்கிரீட்டால் வார்த்த இன்றைய அடுக்ககச் சுவரை வெட்டவே கூடாது. ஆகவே எங்களுக்கு வாய்த்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தாங்கிகளும் 1 அடி ஆழமுள்ள மூன்று திறந்த தட்டுகளும். சோப்புத்தூள் மட்டும் இறுக மூடும் டப்பாவில். வாடகை வீட்டுக்காரர்களுக்கு, மெஷினைக் கால்களுக்கு நடுவே விட்டு நிற்கும் இரும்பு ஸ்டாண்டு உண்டு. மெஷின் சுழலும்போது அது கிடுகிடுக்காமல் இருக்க வேண்டுமானால், இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி விரல் அகல இடைவெளி விடுங்கள்.

மெஷினுக்குப் பக்கத்தில் மிஞ்சிய அந்த ஒன்றரை அடி இடைவெளியில் கேஸ் சிலிண்டர் அளவெடுத்ததுபோல் உட்காரும். பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும், பக்கத்திலேயே மோட்டாரும் சுவிட்சும். எங்கள் சிலிண்டர் சமையலறைப் பக்கமே இருக்கிறது, இடைவெளியில் துணிக்கூடையும் வாளியும் மட்டும்.

கடைசி மாடியில் குடியிருப்பவருக்கும், 3 அடிக்குக் குறைந்த அகலம் உள்ளவருக்கும் ஃப்ரண்ட் லோடை நான் சொல்லமாட்டேன். மற்றவர்களுக்கு அதுவே என் தேர்வு. அம்மா மட்டும் இதை இன்னும் ஏற்கவில்லை. மூட்டு வலிக்காரர்களைக் குனிய வைக்கும் மெஷின் என்ன மெஷின் என்பது அவரது கட்சி. மேடை கட்டி உயர்த்தலாம்தான். உயர்த்தினால் முதல் தட்டு போய்விடும். இப்போதைக்கு ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறோம். அதில் உட்கார்ந்து துணியை ஒவ்வொன்றாக உதறி எடுத்து என்னிடம் நீட்டுகிறார், நான் கொடியில் போடுகிறேன். வேலை முடிந்ததும் முக்காலி வாளிமேல் ஏறிக்கொள்கிறது.