ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை: உட்கொண்டவரின் மதிப்பீடு

கர்ப்பிணிகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படும் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதம் தொடங்கிப் பிரசவத்திற்குப் பின்னும் உட்கொண்டவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. கர்ப்பிணிகளில் 40 சதவீதத்திற்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை உள்ள இடங்களில் 60 மில்லிகிராம் இரும்பே ஏற்றது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்ததால், இலவச மாத்திரைதானே என்று இதன் அளவைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

மாத்திரையின் மேல் சர்க்கரைப் பூச்சு இருக்கிறது. ஈரக் கையால் எடுத்தால் விரலில் சாயம் ஒட்டும். உடனே விழுங்காமல் நாக்கில் வைத்திருந்தால் பூச்சு கரைந்து துருவின் சுவை ஏறிவிடும். குமட்டலும் மலச்சிக்கலும் எனக்கு இருந்தன. இரவு உணவுக்குச் சற்று நேரம் கழித்துப் போட்டுக்கொண்டபோது குமட்டல் பெருமளவு தணிந்தது. மலம் கருப்பாகப் போவது உடலில் சேராத இரும்பு வெளியேறுவதால்தான். இதைக் கண்டு பயந்தும், குழந்தை கருப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியும் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வருத்தத்திற்குரியது.

என் குறை மாத்திரையின் மீதல்ல, அதைத் தரும் விதத்தின் மீதுதான். நான் சென்ற நிலையத்தில் சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே உறையில் போட்டு, "சாப்பிட்டதும் போட்டுக்கோம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். சுண்ணாம்புச்சத்து இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேநீரும் காபியும் அவ்வாறே தடுக்கும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடும். இவ்வளவையும் உறையின் மேல் இரண்டு வரியில் அச்சிட்டுவிடலாம்.

மருந்துக் கடைகளில் விற்கும், பெரஸ் அஸ்கார்பேட் என்ற வேறு வகை இரும்புச்சத்து மாத்திரைகள் சிலருக்கு வயிற்றைக் குறைவாகவே தொந்தரவு செய்கின்றன. இந்த மாத்திரை ஒத்துக்கொள்பவர்கள் அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் மாத்திரையின் அளவை மருத்துவர்தான் கூட்ட வேண்டும். 7க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைச் சிகிச்சை கட்டாயம். ஒழுங்காக உட்கொண்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், வைட்டமின் பி12 குறைபாடோ, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறோ இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இம்மாத்திரை நான்காம் மாதத்தில்தான் தொடங்குகிறது. குழந்தையின் தண்டுவடமும் மூளையும் உருவாகும் நரம்புக்குழாய் சரியாக மூடப் போலிக் அமிலம் தேவை; அதுவோ கரு உண்டான நான்கு வாரத்திற்குள்ளேயே மூடிவிடுகிறது. ஆகவே கர்ப்பத்திற்குத் திட்டமிடுபவர்கள் 400 மைக்ரோகிராம் போலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.