21 விதிகளும் ஒரு பாஸ்டரும்: ஜான் மேக்ஸ்வெல் புத்தகம் வாங்கலாமா?

தலைமைப் பண்பு என்று பேச்சு எடுத்தாலே ஜான் மேக்ஸ்வெல் பெயர் வந்துவிடுகிறது, சரி பார்த்துவிடலாம் என்று 1998இல் வந்த ‘தலைமையின் மறுக்க முடியாத 21 விதிகள்’ புத்தகத்தின் 2007 திருத்தப் பதிப்பை வாங்கினேன். மனுஷன் அடிப்படையில் பாஸ்டர். அமெரிக்காவில் இண்டியானா, ஒஹையோ சபைகளுக்கு அப்புறம் 1981 முதல் 1995 வரை சான் டியாகோ பக்கம் ஸ்கைலைன் சபையை நடத்தியவர், அங்கே இருக்கும்போதே மற்ற போதகர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்து, பிறகு கம்பெனி மேடைகளுக்கு வந்துவிட்டார்.

பிரசங்க வாடை போகவில்லை. ஒரு விதி, ஒரு கதை, கடைசியில் ‘நீ என்ன செய்யப்போகிறாய்’ என்று ஒரு தட்டு. கதைகள் நன்றாக இருக்கின்றன: ஹாம்பர்கர் கடை வைத்த மெக்டொனால்ட் சகோதரர்கள் சமையலறையை அவ்வளவு கச்சிதமாக அமைத்தும் கடையை ஊர் ஊராகப் பரப்பத் தெரியாமல் நிற்க, ரே கிராக் வந்து செய்து காட்டுகிறார்; தென் துருவத்துக்கு நாய்களை நம்பிப் போன அமுன்ட்சென் திரும்புகிறார், மட்டக்குதிரையும் மோட்டார் வண்டியும் கொண்டுபோன ஸ்காட் திரும்பவில்லை. முடிவு தெரிந்தபின் காரணம் சொல்வது சுலபம்தானே என்ற எண்ணம் வராமல் இல்லை. ‘மறுக்க முடியாத’ விதிகளில் சிலவற்றை இந்தப் பதிப்பில் அவரே மாற்றியிருப்பது இன்னும் வேடிக்கை!

ஆனால் தலைமை என்றால் செல்வாக்கு, பதவி அல்ல என்கிற இரண்டாவது விதிக்கே காசு சரியாகிவிட்டது. சம்பளம் வாங்காத தன்னார்வலர்களை வைத்து சபை நடத்தியவர் சொல்வதால் அதில் கனம் இருக்கிறது. சங்கம், அறக்கட்டளை நடத்துபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே இவருடைய நாலு புத்தகம் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.