திரையை மாற்றுவதா, கைபேசியையே மாற்றுவதா?

கீழே விழாத, நீர் படாத கைபேசியின் திரையில் திடீரெனப் பச்சைக் கோடு விழுந்தால், அது பெரும்பாலும் தயாரிப்புக் குறைதான். உத்தரவாதக் காலத்துக்குள் இலவசமாகச் சரிசெய்து தரும்படி கேட்கத் தயங்க வேண்டாம்.

திரையை மட்டும் மாற்றினால், பொதுவாகப் படங்களும் தொடர்பு எண்களும் அப்படியே இருக்கும். ஆனால் திரையைக் கழற்றும்போது நீர் புகாமல் காக்கும் பசை பிரிந்துவிடுகிறது. புதிய பசை வைத்துத்தான் ஒட்டினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். திரைக்கடியில் கைரேகை உணரி இருந்தால், பழுதுபார்க்கும் மையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே அதில் விரலை வைத்துப் பாருங்கள். அதைச் சரியாக அமைக்காமல் கொடுத்துவிட்டால் அன்றாடம் எரிச்சல்தான்.

கைபேசியையே மாற்றித் தருவது கேட்க இனிக்கும். கிடைப்பது புத்தம் புதியதாக இல்லாமல், புதுப்பிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ மாறும். உத்தரவாதம் பெரும்பாலும் மிச்சக் காலத்துக்கே தொடரும்.

முதல் முறை என்றால் திரை மாற்றமே போதும் என்பேன். அதே கோடு மீண்டும் வந்தால், முந்தைய பழுதுச் சீட்டைக் காட்டி மாற்றுக் கைபேசியை உறுதியாகக் கேளுங்கள். எதுவானாலும், ஒப்படைக்கும் முன் தரவுகளை நகலெடுத்து, கோட்டையும் படமெடுத்து வையுங்கள்.