வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்: 2005ல இருந்து விட்டு விட்டு ஆடுனதுல எனக்கு ஏன் சலிச்சுதுன்னு ஒரு கணக்கு

ஊர் உலகத்துல இருக்கறவங்கெல்லாம் ஒண்ணா ஆடுற இந்த ஆன்லைன் கேம்ல ப்ளேய்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு, டைப் பண்ணா அந்த கேரக்டர்ல மொத்தம் எவ்ளோ நேரம் உள்ள இருந்திருக்கோம்னு நாள் கணக்குல சொல்லும். என் டுவார்ஃப் ப்ரீஸ்ட்டுக்கு (குள்ள இனத்துப் பூசாரி, அடிபட்டவங்கள ஹீல் பண்ணி காப்பாத்துற வேல) 211 நாள்னு காட்டுது. ஆபீஸ் நாள் மாதிரி 8 மணி நேரம்னு நினைச்சுக்காதீங்க, முழு 24 மணி நேர நாளு, 5000 மணி நேரத்துக்கு மேல வருது. இவ்ளோ நேரத்த கொட்டிட்டு வந்து சலிச்சுப் போச்சுன்னு சொன்னா பொண்டாட்டியே சிரிக்கிறா. ஆனா நெஜமாவே சலிச்சுது, ஒரு தடவ இல்ல மூணு தடவ, மூணு தடவையும் வேற வேற மாதிரி.

2005ல திருச்சில இருந்து வேலைக்கு சிங்கப்பூர் வந்த புதுசு. உட்லண்ட்ஸ்ல ஒரு ஃப்ளாட்ல நாலு பேரு ரூம் ஷேரிங், நாலு பேருக்கும் சேத்து ஒரே நெட் கனெக்ஷன். ரூம்மேட் ஒருத்தன் ராத்திரி பூரா ஆடிட்டு இருந்தத எட்டிப் பாத்துதான் நானும் மாட்டுனேன். மாசம் 15 அமெரிக்க டாலர் சந்தா, ஊருக்கு பணம் அனுப்புறவனுக்கு அது சின்ன காசு இல்ல. நாங்க ஆடுன சர்வருக்கு ஓஷியானிக்னு பேரு, ஆனா மெஷின் இருந்தது அமெரிக்கால (2014லதான் ஆஸ்திரேலியாவுக்கு மாத்துனாங்க), அதனால 300 மில்லிசெகண்ட் லேட்டா எல்லாம் நடக்கும், அடி விழுறதுக்கு முன்னாடியே யாருக்கு விழும்னு யூகிச்சு ஹீல் பட்டன அமுக்கிப் பழகுனேன். வாராவாரம் அவங்க செவ்வாய்க்கிழம காலைல சர்வர நிறுத்தி மெயின்டனன்ஸ் பாப்பாங்க, அது நமக்கு செவ்வாய் ராத்திரி. அன்னைக்குதான் துணி துவைப்பேன், வீட்டுக்கு போன் பண்ணுவேன்.

மொத ஆறு மாசம் பத்தி சொல்லணும்னா, ஒண்ணுமே தெரியாது, அதான் சுகம். பனி கொட்டுற டுன் மோரோ மலைல இருந்து நடந்தே அயர்ன்ஃபோர்ஜ் போய் சேந்து, அங்க ஒரு ரயில் இருக்கு போலன்னு ஏறி உக்காந்தா அது கடலுக்கு அடியில கண்ணாடி குழாய்க்குள்ள போகுது, வெளிய ஏதோ பெரிய ஜந்து நீந்துது. சும்மா அந்த ரயில்லயே மூணு தடவ போய்ட்டு வந்தேன். வெட்லண்ட்ஸ்ல முதலை துரத்தி துரத்தி கடிச்சு செத்து, ஆவியா நடந்து வந்து உடம்ப எடுத்து, மறுபடி செத்து. 40வது லெவல்லதான் ஏறிப் போக ஒரு ஆட்டுக்கெடா வாங்கலாம், அதுக்கு கிட்டத்தட்ட 100 கோல்ட் ஆகும், 40க்கு வந்தப்ப என் கைல 23 கோல்ட் இருந்துச்சு. ப்ரீஸ்ட்டுக்கு எந்த ட்ரெஸ் போடணும்னு கூட தெரியாம, கத்தி வச்சு குத்துறவங்க தேடுற அஜிலிட்டி மோதிரத்த போட்டுட்டு 50 லெவல் வரைக்கும் திரிஞ்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல, ஏன்னா அவங்களுக்கும் தெரியாது.

அப்புறம் அப்போதைய கடைசி லெவலான 60 வந்து ரெய்டுக்கு போக ஆரம்பிச்சேன், 40 பேர் சேந்து ஒரே நேரத்துல மோல்டன் கோர்னு ஒரு எரிமலைக் குகைக்குள்ள போறது. இங்கதான் எனக்கு ஒரு லாட்டரி. டுவார்ஃப்தான் குள்ளமா தாடியோட நல்லா இருக்குன்னு எடுத்தேன், ஆனா அப்போ பயத்த தடுக்குற ஃபியர் வார்டுங்கற மந்திரம் டுவார்ஃப் ப்ரீஸ்ட்டுக்கு மட்டும்தான் உண்டு. மாக்மடார்னு ஒரு ரெட்டத்தல நாய், ஓனிக்ஸியான்னு ஒரு ட்ராகன், ரெண்டும் ஊளையிட்டு எல்லாரையும் தலதெறிக்க ஓட விடும். முன்னாடி நின்னு அடி வாங்குற டேங்க்கும் ஓடிட்டா அது திரும்பி மிச்ச 39 பேரையும் வறுத்துரும். எதிர் அணிக்காரங்ககிட்ட ஷாமன்னு ஒரு வகை மந்திரவாதி இருக்கான், அவன் ஒரு டோட்டம் நட்டா பயம் போயிரும். எங்க அலையன்ஸ் பக்கம் ஷாமனே கிடையாது. ஸோ டுவார்ஃப் ப்ரீஸ்ட் ஆன்லைன்ல இல்லன்னா ரெய்டு லீடர் மூஞ்சி தொங்கிரும். ஆபீஸ்ல நான் அப்போ டெஸ்டிங் டீம்ல கடைசி ஆளு, என் பேர ஒழுங்கா சொல்றவங்களே ரெண்டு பேருதான். ராத்திரி எட்டு மணிக்கு லாகின் பண்ணா 39 பேரு வந்துட்டான் வந்துட்டான்னு எழுதுவாங்க.

கில்ட்னா கேமுக்குள்ள சேந்து ஆடுற குழு, எங்க கில்ட் லீடர் ஆஸ்திரேலியா பெர்த்ல ஒரு பிளம்பர். பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே டைம், அதனால ஆஸ்திரேலியாக்காரங்களும் நாங்களும் மலேசியாக்காரங்களும் கலந்து ஒரு கூட்டம். ஒரு நாள் மோல்டன் கோரோட கடைசி அரக்கன் ராக்னராஸ் சண்டைல யாரோ அவசரத்துல ஆங்கில எழுத்துல "டேய் தள்ளுடா"ன்னு ரெய்டு சாட்ல போட்டுட்டான். மத்தவங்களுக்கு புரியல, நான் சேர்ல இருந்து எந்திரிச்சுட்டேன். ஈப்போக்காரப் பையன், கத்தி வச்சு குத்துற ரோக் ஆடுறான், மூணு மாசமா அவனுக்கு ஹீல் போட்டுட்டு இருந்திருக்கேன், தமிழ்ப் பையன்னே தெரியாது. அன்னைல இருந்து நான் அவனுக்கு அண்ணன். ராக்னராஸ் 2006 ஆகஸ்ட்ல ஒரு ஞாயித்துக்கிழம ராத்திரி விழுந்தான், ஆடுறப்ப பேசிக்கற வென்ட்ரிலோ வாய்ஸ் சாட்ல 40 பேரு கத்துன கத்துல ரூம்மேட் முழிச்சுட்டு என்னமோ ஏதோன்னு வந்து நின்னான்.

இப்ப சலிச்ச கதைக்கு வரேன். 2007 ஜனவரில பர்னிங் க்ருசேட்னு எக்ஸ்பான்ஷன், அதாவது புது ஊரு புது லெவலோட கேமோட அடுத்த பாகம், வந்துச்சு. நல்ல எக்ஸ்பான்ஷன்தான், சுத்தி சுத்தி பாத்தா இன்னைக்கும் அழகு. ஆனா பெரிய ரெய்டுக்கு 40 பேருக்கு பதில் 25 பேருன்னு ஆயிடுச்சு, அதுக்கும் முன்னாடி காராஸான்னு 10 பேரு மட்டும் போற ஒண்ணு. காகிதத்துல பாத்தா நல்ல மாத்தம், 40 பேர கூட்டுறது கல்யாணத்துக்கு ஆள் கூப்புடுற மாதிரி தலைவலி, அதுல பத்து பேரு வேடிக்கதான் பாப்பாங்க. ஆனா ஏற்கனவே 40 பேரா உக்காந்திருக்கற கூட்டத்துல மீதி 15 பேர என்ன பண்றது? மொதல்ல 10 பேர் டீம் ரெண்டு போட்டோம், ஒண்ணு நல்லா போச்சு, ஒண்ணு போகல, நல்லா போற டீம்ல இருக்கறவன் மத்தவன கூப்பிட மாட்டேங்கறான், போகாத டீம்ல இருக்கறவன் இவங்கெல்லாம் பெரிய இதுவான்னு பேச, பிளம்பர் ரெண்டு பக்கமும் சமாதானம் பேசிப் பேசி ஒரு வியாழக்கிழம கில்ட் லீடர் பதவிய யாருக்கோ மாத்தி விட்டுட்டு லாக் அவுட் ஆனவர்தான், அப்புறம் வரவே இல்ல. போதாக்கொறைக்கு அலையன்ஸுக்கும் ஷாமன் வந்தாச்சு, கொஞ்ச நாள்ல ஃபியர் வார்டையும் எல்லா ப்ரீஸ்ட்டுக்கும் குடுத்தாச்சு. கேம் பேலன்ஸ்னு பாத்தா அது நியாயம், நானே அந்த எடத்துல இருந்தா அதான் பண்ணிருப்பேன். ஆனா நான் இப்ப பத்து ஹீலர்ல ஒரு ஹீலர். 2008 ஆரம்பத்துல சந்தாவ நிறுத்தினேன். பலரும் ஆறு மாசம் உயிரக் குடுத்து வாங்குன ஊதா கலர் ஐட்டத்த புது ஊர்ல மொத நாள் கிடைக்கிற பச்ச ஐட்டம் தோக்கடிச்சுருச்சுன்னு கோவப்பட்டு போனாங்க, எனக்கு அதுல பெரிய வருத்தம் இல்ல, சட்டதான, போனா போகுது.

ரெண்டாவது தடவ லிச் கிங் எக்ஸ்பான்ஷன் கடைசில திரும்பி வந்தேன். கேம் உச்சத்துல இருந்த நேரம் அது, 2010 அக்டோபர்ல 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்னு அறிவிச்சாங்க. அதுக்கு முந்தின டிசம்பர்லதான் டஞ்சன் ஃபைண்டர் வந்திருந்துச்சு. முன்னாடியெல்லாம் டஞ்சன்னு சொல்ற ஒரு சின்ன குகைக்கு அஞ்சு பேரு சேக்கணும்னா ஊர் சாட்ல கூவணும், டேங்க் வேணும் டேங்க் வேணும்னு அரை மணி நேரம், அப்புறம் எல்லாரும் நடந்து போய் வாசல்ல நிக்கணும். இப்ப ஒரு பட்டன், வெவ்வேற சர்வர்ல இருந்து அஞ்சு பேர கம்ப்யூட்டரே புடிச்சு நேரா உள்ள எறக்கி விட்டுரும். ஆபீஸ் போற ஆளுக்கு வரப்பிரசாதம், பொய் சொல்லல. ஆனா அந்த வருஷம் நான் எத்தன நூறு பேரோட போயிருப்பேன்னு தெரியல, ஒருத்தன் பேரு கூட ஞாபகம் இல்ல. ஹாய் சொல்லுவாங்க, பதினஞ்சு நிமிஷத்துல முடியும், தேங்க்ஸ் கூட பாதிப் பேர்தான். பழைய சர்வர்ல ஒருத்தன் பொருள ஏமாத்தி எடுத்துட்டா ஒரு வாரத்துல ஊரே அவன ஒதுக்கும், இங்க அவன மறுபடி பாக்கவே போறதில்ல. மீதி நேரத்துக்கு டெய்லி க்வெஸ்ட், அதே ஆளுக்கு அதே மீனு, அதே பத்து ஓநாய். ஒரு நாள் எம்ஆர்டி ரயில்ல போறப்ப இன்னும் டெய்லி முடிக்கலயேன்னு பதறுனேன், பதறுனதுக்கு அப்புறம்தான் இது என்னடா எழவுன்னு தோணுச்சு.

இடையில ஒரு விஷயம், இந்த கேம்ல ரெஸ்டட்னு ஒண்ணு உண்டு, சத்திரத்துல லாக் அவுட் பண்ணிட்டு மறுநாள் வந்தா கொஞ்ச நேரத்துக்கு ஓநாய அடிச்சா லெவல் ஏத்துற பாயிண்ட் டபுள். கேம் வெளியாகறதுக்கு முன்னாடி டெஸ்டிங்ல இது தலகீழா இருந்துச்சாம், ரொம்ப நேரம் ஆடுனா பாயிண்ட் பாதியா குறையும், ஆடுனவங்க எல்லாம் திட்டுனாங்க. குறைஞ்ச பாயிண்ட்ட நார்மல்னும் மொத பாயிண்ட்ட போனஸ்னும் பேர மாத்தி வச்சாங்க, எல்லாரும் சந்தோசம். மனுசன் மனச இந்தளவு தெரிஞ்சவங்க கட்டுன வீடுதான் இது. அப்படியும் ஆள் வெளிய போறான்.

மூணாவது, 2014 நவம்பர்ல ட்ரேனார்னு இன்னொரு எக்ஸ்பான்ஷன். அப்ப கல்யாணம் ஆகி பையன் பொறந்தாச்சு, இருந்தாலும் வாங்கினேன். அதுல கேரிசன்னு ஆளுக்கு ஒரு கோட்டை தருவாங்க, சொந்த சுரங்கம், சொந்த தோட்டம், சேவகங்கள வேலைக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்கலாம். எல்லாருக்கும் தனித்தனி கோட்டை, அதனால ஊருக்குள்ள ஈ காக்கா இல்ல. 1 கோடி பேருக்கு மேல வந்துட்டாங்கன்னு வருஷக் கடைசில சொன்னாங்க, அடுத்த வருஷ நடுவுல 56 லட்சம், அந்த வருஷக் கடைசியோட எண்ணிக்கைய வெளியிடறதயே விட்டுட்டாங்க. அந்தக் குறைஞ்ச கூட்டத்துல நானும் ஒருத்தன். கோவமெல்லாம் இல்ல, சேவகன வேலைக்கு அனுப்பி வச்சுட்டு ஸ்க்ரீனப் பாத்துட்டு இருந்தேன், பையன் அழுதான், எந்திரிச்சுப் போனேன், திரும்ப வந்து உக்காரல.

இதெல்லாம் கேம மாத்திக் கெடுத்ததுனாலதான்னு 2019 வரைக்கும் நானும் பேசிட்டுதான் திரிஞ்சேன். பழசக் கொண்டு வாங்கன்னு உலகம் பூரா கேட்டாங்க, கொண்டும் வந்தாங்க. கிளாசிக், 2019 ஆகஸ்ட் 27, நமக்கு காலைல ஆறு மணி, லீவு போட்டுட்டு உக்காந்தேன், ஈப்போ தம்பியும் வந்தான். மொத நாள் அற்புதம்ங்க. ஒரு க்வெஸ்ட்ல அடிக்க வேண்டிய ஒரே ஒரு ஆளுக்கு முப்பது பேரு ரேஷன் கடை மாதிரி வரிசைல நின்னாங்க, யாரும் சொல்லல, தானா நின்னாங்க. அதே பனி, அதே ரயில்.

ஆனா அந்த ரயில்ல நான் ஒரு தடவைக்கு மேல போகல, ஏன்னா ரயில் போற நேரத்துல டீ போட்டுரலாம்னு எந்திரிச்சுட்டேன். மொத ராக்னராஸ் 2005ல விழ உலகத்துலயே அஞ்சு மாசம் ஆச்சு, கிளாசிக்ல ஒரு வாரத்துக்குள்ள விழுந்துட்டான். ராக்னராஸ் மாறல, அவன் எந்த நொடில என்ன பண்ணுவான்னு பதினாலு வருஷமா எல்லாரும் படிச்சு வச்சிருக்காங்க. எந்தச் சட்ட எத்தன புள்ளி தரும், எந்த ஊர்ல எந்த பூவுகிட்ட போய் நின்னா எந்த வரம் (கொஞ்ச நேரத்துக்கு பலம் ஏத்துற மந்திரம்) கிடைக்கும்னு லிஸ்ட். வரத்த வாங்கிட்டு அது தீந்துரக்கூடாதுன்னு உடனே லாக் அவுட் பண்ணிட்டு ரெய்டு நாளுக்கு மட்டும் வருவாங்க, கேம ஆடறதுக்காக கேம்ல இல்லாம இருக்கறது. ரெய்டு முடிஞ்சதும் யாரு எப்படி ஆடுனாங்கன்னு கணக்கு போடுற லாக்ஸ் சைட்ல மார்க் வரும், சாம்பல், பச்ச, நீலம், ஊதா, ஆரஞ்சுன்னு கலரோட. எனக்கு பச்ச வந்தப்ப கில்ட்ல ஒரு இருவத்தஞ்சு வயசுப் பையன் நல்லவிதமாத்தான் எழுதுனான், எந்த ரேங்க் ஹீல எத்தன செகண்டுக்கு ஒருக்கா போடணும்னு. சரிதான் அவன் சொன்னது. அஜிலிட்டி மோதிரம் போட்டுட்டுத் திரிஞ்ச ஆளு மேல யாரும் கை வைக்காத அந்த ஊரு இது இல்லன்னு மட்டும் புரிஞ்சுது. மார்ச் வரைக்கும் ஆடுனேன்.

ஆன்லைன் கேம் ஆடறவங்கள நாலு வகையா ரிச்சர்ட் பார்ட்டில் 1996ல பிரிச்சாரு, சாதிக்கறவன், சுத்திப் பாக்கறவன், பழகறவன், அடுத்தவன வம்புக்கு இழுக்கறவன்னு. நான் ரொம்ப நாளா என்ன சுத்திப் பாக்கற கேஸ்னு நினைச்சுட்டு இருந்தேன். ரயில்லயெல்லாம் போனேனே. ஆனா சுத்திப் பாக்கறது ஆறு மாசத்துல தீந்துச்சு, அதுக்கு மேல இழுத்துட்டுப் போனது நாப்பது பேருக்கு நான் வேணும்ங்கறதுதான். எந்தப் புது ஊரு, புது டிராகன், புது சட்ட வந்தாலும் அதக் குடுக்க முடியல, நூறு பேர்ல யாரா இருந்தாலும் ஒண்ணுன்னு ஆனப்பல்லாம் வெளிய வந்திருக்கேன். ப்ளேயருக்கு வசதியா இருக்கட்டும்னு செஞ்ச ஒவ்வொண்ணும், நேரம் மிச்சம், நடை மிச்சம், ஆள் தேடற வேல மிச்சம், கொஞ்சம் கொஞ்சமா அந்த வேணும்ங்கறத அரிச்சுது. வசதி கேட்டது நாங்கதான், அதையும் சொல்லணும்.

புதுசா ஆடலாமான்னு கேக்கறவங்களுக்கு: தாராளமா ஆடுங்க. இப்போதைய வெர்ஷன்ல 20 லெவல் வரைக்கும் காசு கிடையாது, கிளாசிக் வேணும்னா சந்தா கட்டணும், ஒரே சந்தாவுல ரெண்டும் வரும். கைடு எதையும் மொத ரெண்டு மாசம் தொடாதீங்க, முதலை கடிக்கட்டும். சின்ன கில்டா பாத்து சேருங்க, உங்க டைம்ல இருக்கற ஆளுங்களா. ஏற்கனவே ஆடி விட்டவங்க திரும்பப் போலாமான்னா, மொத வாரத்துக்கு மட்டும் லீவு போடுங்க.

2024 நவம்பர்ல இருவதாவது வருஷம்னு மறுபடி புது கிளாசிக் சர்வர் தெறந்தாங்க. ஈப்போ தம்பிக்கு இப்ப ரெண்டு புள்ளைங்க, பினாங்குல வேல. "அண்ணே வறீங்களா, ஒரு மாசம்தான் ஆடுவோம்"னு மெசேஜ். போனேன், அதே தாடி, அதே குள்ளன். வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, பேசறது பாதி, ஆடறது பாதி, அவன் அப்பா போய்ச் சேந்தத அங்க முதலைக்கு நடுவுலதான் சொன்னான். 20வது லெவல்ல ஃபியர் வார்டு வந்துச்சு, மொத வேலையா அவன் மேல போட்டேன். "இங்க யாருண்ணே நம்மள பயமுறுத்தப் போறா, மானா வேஸ்ட்டு"ன்னான். பத்து நிமிஷம் இருக்கும் அது, தீந்ததும் மறுபடி போட்டேன். அந்த மாச சந்தா முடிஞ்சப்ப ரெண்டு பேருமே கட்டல.