கிரைண்டர் கல் கொத்தித் தந்தவரைப் பற்றி

கோபிசெட்டிபாளையத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கோவையில் வாங்கிய 10 லிட்டர் கிரைண்டர், ஆறு வருஷமாக ஓடுகிறது. அரை மணியில் மசிகிற மூன்று கிலோ அரிசி, இந்தச் சித்திரையில் முக்கால் மணி ஆகியும் நொய்யாகவே நின்றது. மாவு வேறு சூடேறிச் சீக்கிரமே புளித்தது.

மொபெட்டில் வருகிற கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டேன். அடிக்கல்லை விரலால் தடவிப் பார்த்தவர், "கண்ணாடியாட்டம் ஆயிப்போச்சுங்க அம்மிணி, அரிசி வழுக்கிட்டு ஓடுது" என்றார். நான் குழவியை அழுத்தும் ஸ்பிரிங்கை நன்றாக முறுக்கி வைத்திருந்தேன். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும், சரிதான். ஆனால் கல்லில் சொரசொரப்பே இல்லாதபோது அது சூட்டைத்தான் கூட்டியது. தண்ணீரையும் தாராளமாக விட்டிருந்தேன். கல்லுக்கும் குழவிக்கும் நடுவில் அது படலமாக நின்று, அரிசியைச் சிக்கவிடாமல் நழுவ விட்டிருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் சின்ன உளியால் இரண்டு கல்லையும் பொடிப்பொடியாகக் கொத்தினார். ஆழமாகக் கொத்தவில்லை. குழி பெரிதானால் மாவு தங்கி நாறும் என்றார். அந்த நிதானத்துக்கே காசு கொடுக்கலாம்.

அப்புறம் பெல்ட். கிரீச்சென்று கத்துகிறதே என்று என் மகன் அதில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தான். சத்தம் நின்றது, ஆனால் பாரம் ஏறினால் மோட்டார் மட்டும் சுற்றும், டிரம் நின்றுவிடும். அவர் பெல்ட்டைத் தொட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். "பேரிங்குலதானுங்க வழுக்கோணும். பெல்ட்டு புல்லியைக் கவ்விப் புடிக்கோணும்." சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, மோட்டாரைச் சற்றுத் தள்ளி பெல்ட்டை இறுக்கினார். ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் புது பெல்ட்டே வாங்க வேண்டியிருக்குமாம்.

கூலி 450 ரூபாய். ஒரே குறை, சமையலறைக்குள்ளேயே கொத்தியதில் பாத்திரமெல்லாம் கல்தூள். நீங்கள் கூப்பிட்டால் கிரைண்டரை முன்கூட்டியே வாசலுக்கு எடுத்து வையுங்கள்.

அவர் சொன்னபடி பழைய அரிசியை மூன்று ஈடு அரைத்துக் கொட்டினேன். முதல் ஈடு முழுக்க நறநறவென்று இருந்தது. நான்காவதை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு அரைத்தேன். மூன்று கிலோ அரிசி 28 நிமிஷத்தில் மசிந்தது. மாவில் கை வைத்தால் வெதுவெதுப்புகூட இல்லை.